மாடுலஸ் போட்டாலே முனை வந்துவிடுமா?

கே: |x − 3| என்ற மாடுலஸ் சார்பு (குறியை நீக்கிய மதிப்பு) x = 3-இல் வகையிடத்தக்கதல்ல என்று காட்ட, வலப்பக்கம் x − 3-ஐ வகையிட்டால் 1, இடப்பக்கம் −(x − 3)-ஐ வகையிட்டால் −1, இரண்டும் வேறு என்று எழுதினேன். விடை சரி, வழி சரியில்லை என்கிறார் ஆசிரியர். ஏன்?
– பிளஸ் 2 மாணவி, பாலக்கோடு

ப: ஆசிரியர் சொல்வது நியாயம்தான். நீங்கள் இரு பக்கத்துச் சூத்திரங்களை வகையிட்டீர்கள். 3 என்ற புள்ளியில் சார்பு என்ன ஆகிறது என்று பார்க்கவில்லை. இந்த வழி எங்கே காலை வாரும் தெரியுமா? x < 0 எனில் x, x ≥ 0 எனில் x + 1 என்று ஒரு சார்பை எடுங்கள். இரண்டையும் வகையிட்டால் 1, 1. உடனே ‘வகையிடத்தக்கது’ என்று எழுதிவிடுவோம். ஆனால் 0-இல் வரைபடம் ஓர் அலகு துள்ளுகிறது. தொடர்ச்சியே இல்லாத இடத்தில் வகைக்கெழு, அதாவது அந்தப் புள்ளியில் ஒரே சாய்வு, ஏது?

ஆகவே முதலில் தொடர்ச்சியைக் காட்டுங்கள். 3-இல் இடப்பக்க எல்லை 0, வலப்பக்க எல்லை 0, சார்பின் மதிப்பும் 0. அடுத்து வரையறைப்படி (|3 + h − 3| − 0)/h, அதாவது |h|/h. h > 0 எனில் இது 1. h < 0 எனில் |h| = −h என்பதால் −1. பலர் வழுக்குவது இந்த இரண்டாவது வரியில்தான். |h|-ஐ h என்றே வைத்து இரு பக்கமும் 1 வாங்கிவிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் h = −0.01 என்று போட்டுப் பாருங்கள்: 0.01-ஐ −0.01-ஆல் வகுத்தால் −1.

கே: மாடுலஸுக்கு உள்ளே பூஜ்ஜியம் வரும் இடத்தில் வகைக்கெழு இருக்காது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தேன். x|x| அதைப் பொய்யாக்கிவிட்டது. சரியான விதி என்ன?
– டியூஷன் ஆசிரியர், அரூர்

ப: உள்ளே இருப்பது பூஜ்ஜியமாகிறதா என்பது மட்டும் போதாது, அந்த இடத்தில் அதன் சாய்வு என்ன என்பதையும் பார்க்க வேண்டும். சாய்வு பூஜ்ஜியமல்ல என்றால் முனை (வரைபடம் சட்டென்று மடியும் இடம்) விழும். சாய்வும் பூஜ்ஜியம் என்றால் வகைக்கெழு உண்டு, அதன் மதிப்பு 0.

தர்மபுரியிலிருந்து ராயக்கோட்டை போகும் ஒரு லாரி, பாலக்கோடு பஸ் ஸ்டாண்டை மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நிற்காமல் கடக்கிறது. ஸ்டாண்டுக்கும் லாரிக்கும் உள்ள தூரம் 40 வீதம் குறைந்துவந்து, கடந்த கணமே 40 வீதம் கூடுகிறது. ஒரு பக்கம் −40, மறுபக்கம் +40, அங்கே முனை. பின்னால் வரும் பஸ் மெல்ல வேகம் தணிந்து ஸ்டாண்டில் நின்று, பிறகு கிளம்பினால் வீதம் இரு பக்கமும் 0-தான்.

நிரூபணம் ஒரே வரி. உள்ளே உள்ள சார்பு g; அது a-இல் வகையிடத்தக்கது, g(a) = 0. அப்போது

|g(a + h)|/h = |g(a + h)/h| × |h|/h

முதல் காரணி |g′(a)|-ஐ நெருங்குகிறது. இரண்டாவது வலப்பக்கம் 1, இடப்பக்கம் −1. ஆக வலப்பக்க வகைக்கெழு |g′(a)|, இடப்பக்கம் −|g′(a)|. இவை சமமாக வேண்டுமானால் g′(a) = 0 ஆகவேண்டும்.

|(x − 1)²(x − 4)|-ஐ வகுப்பில் போட்டுக் காட்டுங்கள். உள்ளே வகையிட்டால் 2(x − 1)(x − 4) + (x − 1)². இது 1-இல் 0, எனவே அங்கே சிக்கலில்லை. 4-இல் 9, எனவே −9, 9 என்று பிரிகிறது.

உங்கள் x|x| வேறு வகை. அங்கே காப்பாற்றுவது வெளியே நிற்கும் x. h|h|/h = |h|; அது 0-க்குப் போய்விடுகிறது. ஆனால் அதன் வகைக்கெழு 2|x| என்பதால், இரண்டாம் வகைக்கெழு 0-இல் கிடையாது. இதையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள். (x − 1)|x² − 3x + 2| போன்றவற்றில் வகைக்கெழு இல்லாத இடங்களாகப் பிள்ளைகள் 1, 2 இரண்டையும் எழுதிவிடுவார்கள். 1-இல் வெளிக்காரணி பூஜ்ஜியம் என்பதால் தப்பிக்கிறது. விடை 2 மட்டுமே.

கே: சைன்|x|, கொசைன்|x| இரண்டும் 0-இல் ஒரே மாதிரிதானே?
– காவேரிப்பட்டினம் வாசகர்

ப: இல்லை. கொசைன் இரட்டைச் சார்பு, அதாவது x-க்கும் −x-க்கும் அதே மதிப்பு. கொசைன்|x| என்பது கொசைன் x-ஏதான். சைன்|x|-க்கு 0-இல் வலப்பக்கம் 1, இடப்பக்கம் −1.

கே: |x| + |x − 1| + |x − 2| என்று முனைகளைச் சேர்த்துக்கொண்டே போனால், எந்த இடத்திலும் வகைக்கெழு இல்லாத சார்பு கிடைக்குமா?
– கல்லூரி மாணவர், ஓசூர்

ப: அப்படிச் சேர்த்தால் முனைகள் எண்ணி வைக்கும்படிதான் இருக்கும், உங்கள் மூன்றில் சாய்வுகள் −3, −1, 1, 3. ஆனால் நீங்கள் கேட்கும் சார்பு இருக்கத்தான் செய்கிறது. எங்கும் தொடர்ச்சி, எங்கும் வகைக்கெழு இல்லை என்ற ஒன்றை 1872-இல் பெர்லினில் ஜெர்மன் கணிதர் வையர்ஸ்ட்ராஸ் முன்வைத்தார். 1903-இல் ஜப்பானியர் தகாகி கொடுத்தது இன்னும் எளிது, உங்கள் யோசனைக்கும் பக்கத்தில் உள்ளது.

x-க்கு மிக அருகிலுள்ள முழு எண்ணுக்கு எவ்வளவு தூரம்? அதுவே முதல் அடுக்கு: சாய்வு ±1, உயரம் 1/2. அடுத்த அடுக்கில் அகலம் பாதி, உயரமும் பாதி. இப்படியே முடிவில்லாமல் கூட்டுங்கள். உயரங்கள் 1/2, 1/4, 1/8 என்று சுருங்குவதால் கூட்டல் சீராக ஒருங்குகிறது (எல்லா x-க்கும் ஒருசேர ஒரு மதிப்பை நெருங்குகிறது), தொடர்ச்சி கெடுவதில்லை. சாய்வு மட்டும் சுருங்குவதே இல்லை. எந்த அடுக்கிலும் ±1-தான். ஒரு புள்ளியைச் சுற்றி இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்து நாண் (வரைபடத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் கோடு) வரைந்தால், ஒவ்வொரு முறையும் நாணின் சாய்வில் 1 கூடும் அல்லது குறையும். அது எந்த எல்லையிலும் போய் நிற்காது.