இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு இன்டீரியர் டிசைனர் தேவையா?

கணவன், மனைவி இருவருக்கும் வேலை, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், கூடவே வயதான மாமியார். புது ஃபிளாட்டுக்கு டிசைனர் வைக்கலாமா, தெரிந்த ஆசாரியை வைத்தே முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேடவாக்கத்தில் ஃபிளாட் வாங்கியபோது எங்கள் வீட்டு நிலைமையும் இதேதான். நாங்கள் டிசைனர் வைத்தோம். நீங்களும் வையுங்கள் என்றுதான் சொல்வேன்.

எங்கள் டிசைனர் படம் எதையும் காட்டுவதற்கு முன்னால், அப்போது குடியிருந்த வாடகை வீட்டுக்கு ஒரு வேலைநாள் காலை ஏழு மணிக்கு வரலாமா என்று கேட்டார். வந்து சமையலறை வாசலில் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். சட்னிக்கு மிக்ஸியைப் போட இண்டக்‌ஷன் அடுப்பின் பிளக்கைப் பிடுங்குவது, டிபன் பாக்ஸ் மூடியைத் தேடுவது, மாமியார் குனிந்து கிரைண்டரை இழுப்பது எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அப்புறம்தான் கேள்விகள். 26 கிலோ அரிசி மூட்டை எங்கே இருக்கும்? இஸ்திரிக்குப் போகும் துணி எங்கே சேரும்? ஈரத் துண்டை யார் எங்கே போடுவார்கள்? கொலு பொம்மைப் பெட்டிகள் எத்தனை?

இப்போது கிரைண்டருக்குச் சிங்க் பக்கத்திலேயே முழங்கால் உயரத்தில் ஒரு தனி மேடை, அதற்கென்று ஒரு பிளக். மாமியார் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபடியே மாவை வழிக்கிறார். தூக்கவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். இண்டக்‌ஷனுக்கு 16 ஆம்ப் பாயிண்ட் தனி. பிள்ளைகளின் பையும் ஷூவும் வாசல் பக்கத்து ஒரே அலமாரியில். இதையெல்லாம் எந்த ஆசாரியும் அருமையாகச் செய்துதருவார். ஆனால் இப்படி வேண்டும் என்று யோசித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் களைத்துப் போய் உட்கார்ந்திருக்கும் நம்மால் அது ஆகிற காரியமா?

அடுத்தது, வேலை நடக்கிற வரிசை. சுவரைக் கொத்திப் பைப்பும் ஒயரும் போட்ட பிறகுதான் ஃபால்ஸ் சீலிங், கபோர்டு எல்லாம். இது முன்னே பின்னே ஆனால் முடித்த வேலையை உடைக்க வேண்டிவரும். எலக்ட்ரீஷியன் ஆசாரியைக் கேட்கணும் என்பார், ஆசாரி பிளம்பர் வரட்டும் என்பார். கடைசியில் மூன்று பேரும் ஆபீஸ் நேரத்தில் உங்களுக்குத்தான் போன் செய்வார்கள். எங்கள் டிசைனர் ஒவ்வொரு ஸ்விட்ச் போர்டையும் சுவரில் சாக்பீஸால் வரைந்து, உயரத்தையும் எழுதிவைத்துவிட்டார். அந்தப் போன்கள் அவருக்குப் போயின.

பொருளைச் சரிபார்ப்பதும் அவர் வேலைதான். சிங்க்குக்குக் கீழே வரும் பிளைவுட்டில் ஐ.எஸ் 710 முத்திரை, அதாவது ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண், இருக்க வேண்டும். ஈரம் படாத அலமாரிக்குப் பொதுப் பயன்பாட்டு பிளைவுட்டுக்கான ஐ.எஸ் 303 போதும். மேலே லேமினேட் தாள் ஒட்டிவிட்டால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், அதனால் ஒட்டுவதற்கு முன் சைட்டில் நின்று பார்க்கிற கண் தேவை.

கட்டணத்தைப் பொறுத்தவரை, சிலர் சதுர அடிக்கு இவ்வளவு என்பார்கள், சிலர் வேலைச் செலவில் சதவீதம் கேட்பார்கள். டிசைன் இலவசம், வேலையை மட்டும் எங்களிடம் கொடுங்கள் என்கிற இடங்களில் அந்தப் பணம் வேலைச் செலவோடு சேர்ந்துதான் வரும். தனியாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஆசாரியை நம் விருப்பத்துக்கு விடுகிறவர்தான் என் தேர்வு. அவர் வாரத்தில் எத்தனை தடவை சைட்டுக்கு வருவார் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். வராத டிசைனருக்குக் கொடுக்கும் பணம் தண்டம்.

வாடகை வீடு, அல்லது ஒரு கபோர்டும் ஒரு ஷூ ரேக்கும்தான் என்றால் டிசைனர் வேண்டாம், நல்ல ஆசாரி போதும்.

கொட்டேஷன்களை ஒப்பிடும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். சதுர அடியை ஒருவர் கதவின் முன்பக்கத்தை மட்டும் அளந்து சொல்லியிருப்பார், இன்னொருவர் உள்பலகைகளையும் சேர்த்திருப்பார். பிளைவுட் தரம், லேமினேட் கனம், கீல், டிராயர் ஓடும் சேனல் என்ன கம்பெனி என்று ஒவ்வொன்றும் தனித்தனி வரியில் வர வேண்டும். கடைசித் தவணையை, எல்லா டிராயரையும் நீங்களே இழுத்து மூடிப் பார்த்த பிறகு கொடுங்கள்.