போன பண்டிகைக் கடனே தீரவில்லை, அடுத்தது வந்துவிட்டது

கேள்வி: போன பண்டிகைக்கு கிரெடிட் கார்டில் தேய்த்தது இன்னும் முடியவில்லை. மினிமம் தொகையை மட்டும் தவறாமல் கட்டி வருகிறேன். அடுத்த பண்டிகைக்கு நாலு மாதம்தான் இருக்கிறது. இந்தத் தடவையாவது கடன் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் "தவறாமல் கட்டுகிறேன்" என்று ஒரு நிம்மதியோடு எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைக் கொஞ்சம் கலைக்க வேண்டியிருக்கிறது. மாத வட்டி 3 சதவீதம், மினிமம் தொகை மொத்தப் பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (உங்களுடையது எவ்வளவு என்று ஸ்டேட்மென்ட்டில் பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள்). கடன் 100. புதிதாக ஒரு குண்டூசிகூட வாங்காமல் மாதாமாதம் மினிமம் கட்டினால், வருஷக் கடைசியில் நீங்கள் கட்டியிருப்பது 55, பாக்கி நிற்பது 77. அதாவது கடன் குறைந்தது வெறும் 23, மீதி 32 வட்டிக்கே போய்விட்டது. அந்த 77-ன் தலையில்தான் அடுத்த பண்டிகைச் செலவை ஏற்றப் போகிறீர்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பாக்கி நிற்கிற கார்டில் புதிதாக வாங்கினால், வழக்கமாகக் கிடைக்கிற வட்டியில்லா நாட்கள் பெரும்பாலும் கிடைக்காது, வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். அதனால் அந்தக் கார்டு இந்த நாலு மாதமும் வீட்டிலேயே இருக்கட்டும். ஆன்லைன் கடைகளில் சேமித்து வைத்திருந்தால் அங்கேயும் நீக்கிவிடுங்கள்.

சரி, நாலு மாதத்தில் என்ன செய்வது? மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும் என்று பாருங்கள். அதில் ஒரு சின்னப் பங்கைப் பண்டிகைக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள், மீதி முழுக்கக் கடனுக்கு. கணக்குப் பார்க்கிறவர்கள் "மாதம் 3 சதவீத வட்டி போகும்போது சேமிப்பு எதற்கு, எல்லாவற்றையும் கடனில் கட்டு" என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் பண்டிகை வாரத்தில் கை வெறுமையாக இருந்தால் மறுபடி கார்டைத்தான் எடுப்பீர்கள், அதை நான் என்னிடமே பார்த்திருக்கிறேன். நாலு மாதத்தில் அந்தத் தனிக் கணக்கில் எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவுதான் இந்தத் தடவை பட்ஜெட். முதலில் பட்டியல் போட்டுவிட்டு அப்புறம் பணம் தேடினால் பட்டியல்தான் ஜெயிக்கும்.

பட்டியலை மனசிலிருந்து எழுதாதீர்கள், போன பண்டிகை மாதத்து ஸ்டேட்மென்ட்டை எடுத்து வரிவரியாகப் பாருங்கள். நான் ஒருமுறை அப்படி உட்கார்ந்தபோது, துணிமணியும் பரிசுகளும் நினைத்த அளவுதான் வந்திருந்தன. தூக்கிவாரிப் போட்டது உதிரிகள்: டாக்சி, கூரியர், சுற்றும் தாள், பேட்டரி, சமைக்க முடியாமல் வெளியில் வாங்கிய சாப்பாடு, கடைசி நாளில் "இவருக்கு ஒன்றும் வாங்கலையே" என்று ஓடிப்போய் வாங்கியது. எல்லாம் சேர்ந்து பரிசுச் செலவை எட்டிப் பிடித்திருந்தது. இந்த உதிரிகளுக்கு முதலிலேயே ஒரு தொகை வையுங்கள்.

கேள்வி: வட்டியில்லாத் தவணை என்கிறார்களே, அதில் வாங்கினால் கடன் ஆகாதுதானே?

பதில்: கடன்தான், வட்டி வேறு பெயரில் வருகிறது என்று சந்தேகப்படுங்கள். அதே பொருளை மொத்தமாகப் பணம் கட்டி வாங்கினால் விலை என்ன என்று கேளுங்கள். அங்கே ஒரு தள்ளுபடி இருந்து, தவணைக்கு அது இல்லையென்றால், அந்தத் தள்ளுபடிதான் உங்கள் வட்டி. பிராசஸிங் கட்டணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு தவணை கடிக்காது, மூன்று கடைகளில் மூன்று தவணை ஒரே மாதத்தில் பிடித்தால் கடிக்கும்.

கேள்வி: செலவைக் குறைக்க வழி பரிசுகளைக் குறைப்பதுதான். ஆனால் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்?

பதில்: பரிசைப் பெறுகிறவர்கள் பலரும் அதன் விலையை நாம் நினைக்கிற அளவுக்கு மதிப்பதே இல்லை. ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார அறிஞர் 1993-ல் கல்லூரி மாணவர்களிடம் கேட்டுப் பார்த்து, கொடுத்தவர் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை பெற்றவர் கண்ணில் காணாமல் போகிறது என்று எழுதினார். பாசத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை, அது வேறு விஷயம்.

நடைமுறையில், சொல்கிற நேரம்தான் முக்கியம். பண்டிகைக்கு முந்தின நாள் சொன்னால் சாக்கு மாதிரித் தெரியும், இரண்டு மாதம் முன்பே சொன்னால் ஏற்பாடு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "இந்தத் தடவை பெரியவர்களுக்குள் பரிசு வேண்டாமே, குழந்தைகளுக்கு மட்டும் வாங்குவோம்" என்று ஒரு வரி போடுங்கள். இல்லையென்றால் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒருவருக்கு மட்டும் என்று வையுங்கள். பத்துப் பேர் குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஒன்பது பரிசு வாங்கினால் மொத்தம் 90, சீட்டுப் போட்டால் 10. யாராவது முகம் சுளிப்பார்கள் என்று பயப்படுகிறீர்கள், எங்கள் குழுவில் இதைப் போட்டதும் முதல் கட்டைவிரல் வந்தது, அதிகம் செலவு செய்வார் என்று நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டிருந்த அண்ணியிடமிருந்து.