ஆறு பேருக்கு ஒரு கடவுச்சொல்

வணக்கம் ஐயா,

நான் ஒரு குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் நீண்ட காலமாகப் பணிபுரிகிறேன். சென்ற மாதம் எங்கள் அறையில் கண்காணிப்புக் கேமரா பொருத்தினார்கள். குளோரின் அளவை மாற்ற இருவர் ஒப்புதல் வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் என்று புதிய விதிகளும் வந்துவிட்டன. இதுவரை எங்கள் ஷிஃப்டில் ஆறு பேரும் ஒரே கடவுச்சொல்லைத்தான் பயன்படுத்தினோம். அந்த அளவுக்கு ஒருவரையொருவர் நம்பினோம். அயல்நாட்டு ஹேக்கர்களைத் தடுக்க வக்கில்லாமல், வேலியே பயிரை மேயும் என்று எங்களைச் சந்தேகிக்கிறார்கள். உண்மையாக உழைத்தவனுக்கு இது அவமானம் இல்லையா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

எல்லோரும் உறங்கும் நேரத்தில், குழாயைத் திறப்பவர் எவரும் நினைத்துப் பார்க்காத ஓர் அறையில் விழித்திருப்பவர் நீங்கள். அப்படிப்பட்டவரை ஒரு நாள் திடீரென்று கேமராவுக்குக் கீழே உட்காரவைத்தால் மனம் நோகத்தான் செய்யும். அந்த நோவை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கேமராவைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. நடந்து முடிந்ததைக் காட்டுவதைத் தவிர அது வேறு பெரிதாக எதையும் செய்யாது.

ஹேக்கர்களைப் பற்றியும் சுருக்கமாகவே சொல்கிறேன். 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் எரிபொருள் குழாய்த்தடம் பல நாட்கள் நின்றுபோனதே, அதைச் செய்தவர்கள் உள்ளே வந்தது யாரும் பயன்படுத்தாமல் விட்டிருந்த ஒரு பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கொண்டுதான். வெளியாளுக்கும் வழிவிடுவது பெரும்பாலும் உள்ளே இருப்பவர்களின் அசட்டைதான்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்தியது நீங்கள் பெருமையாக எழுதிய அந்த வாக்கியம். ஆறு பேரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தியதை நம்பிக்கை என்கிறீர்கள். அது சோம்பல். பல லட்சம் பேர் குடிக்கும் நீரின் முன்னால் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சோம்பியிருக்க உங்களுக்கு உரிமை இல்லை.

ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்குக் குளோரின் அளவு தவறாகக் கூட்டப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணினிப் பதிவில் நேரம் இருக்கிறது, பழைய அளவும் புதிய அளவும் இருக்கின்றன. செய்தவர் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் மட்டும் ‘ஆபரேட்டர்’ என்ற ஒற்றைச் சொல் நிற்கிறது. அந்தச் சொல்லுக்குள் நீங்கள் ஆறு பேரும் இருக்கிறீர்கள். விலகிப் போனவர் எவராவது அந்தக் கடவுச்சொல்லை மறக்காமல் வைத்திருந்தால் அவரும் இருக்கிறார். விசாரணை வரும்போது உங்கள் உழைப்பையும் நேர்மையையும் எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்?

2014 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் டூல் அணுமின் நிலையத்தில் நான்காம் அலகில், தீப்பிடித்தால் எண்ணெயை வெளியேற்றுவதற்கென்று வைத்திருந்த வால்வை யாரோ கையால் திறந்துவிட்டார்கள். ஏறத்தாழ 65,000 லிட்டர் மசகு எண்ணெய் வடிந்து, டர்பைன் எண்ணெயின்றிச் சுழன்று பெரும் சேதமடைந்தது. நான்கு மாதங்களுக்கும் மேலாக அந்த அலகு இயங்கவில்லை. உள்ளே போய்வர அனுமதி பெற்ற ஒருவர்தான் செய்திருக்க வேண்டும் என்பதே வலுவான ஐயம். ஆனால் அவர் யார் என்று நிறுவ முடியவில்லை. குற்றவாளியைப் பற்றி நான் அதிகம் யோசித்ததில்லை. அன்று அந்தக் கட்டடத்தில் பணியில் இருந்த குற்றமற்றவர்களைப் பற்றித்தான் யோசித்திருக்கிறேன். ‘நான் செய்யவில்லை’ என்று சொல்ல அவர்களுக்கு வாய் இருந்தது, சாட்சி இல்லை.

இதை நான் நேரிலும் கண்டிருக்கிறேன். இளமையில் ஒரு மின்நிலையத்தின் பண்டகசாலையில் எழுத்தராக இருந்தபோது விலையுயர்ந்த உதிரிப்பாகம் ஒன்று காணாமல் போயிற்று. சாவிப் பதிவேட்டைப் புரட்டியபோது ஓர் இரவுக்கு மட்டும் கையெழுத்து இல்லை. சாவியைக் கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துப் பழகிய ஒரு முதியவரின் இரவு அது. அவர் எடுத்தார் என்று எவராலும் நிரூபிக்க முடியவில்லை, எடுக்கவில்லை என்று அவராலும் நிரூபிக்க முடியவில்லை. அதன் பிறகு ஓய்வு பெறும்வரை அவரருகில் உட்கார்ந்து சாப்பிட எவரும் முன்வரவில்லை. ஒரு கையெழுத்து அவரைக் காப்பாற்றியிருக்கும். உங்கள் பெயரில் ஒரு கணக்கும், உங்கள் கைக்கு இன்னொருவரின் ஒப்புதலும் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அந்த முதியவரை நினைத்துத்தான்.

உள்ளாள் செய்யும் நாசத்தை முதலில் எவரும் நாசம் என்றே உணர்வதில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மரூச்சி பகுதியில் கழிவுநீர்ப் பம்புகள் ஓட வேண்டிய நேரத்தில் நின்றன, அபாய அறிவிப்புகள் மைய அறைக்கு வந்து சேரவில்லை. பொறியாளர்கள் வாரக்கணக்கில் கருவிகளில் கோளாறு தேடினார்கள். அந்தக் கட்டமைப்பை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தில் வேலை பார்த்து விலகி, பிறகு உள்ளாட்சி மன்றத்தில் வேலை கேட்டு மறுக்கப்பட்ட ஒருவர், காரில் ஒரு கணினியையும் ரேடியோ கருவியையும் வைத்துக்கொண்டு பம்புகளுக்குக் கட்டளை அனுப்பிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய்ந்தது. 2019இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், வேலையை விட்டுப்போன ஒருவர் தமது பழைய அனுமதியைக் கொண்டே தொலைவிலிருந்து குடிநீர் நிலையக் கணினிக்குள் நுழைந்தார். அந்த அனுமதியை எவரும் ரத்து செய்திருக்கவில்லை.

2015 மார்ச்சில் நடந்த ஜெர்மன்விங்ஸ் விமான விபத்தை என்னால் மறக்க முடியவில்லை. வெளியாள் நுழையக்கூடாது என்று 2001க்குப் பிறகு பலப்படுத்தப்பட்ட கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு துணை விமானி விமானத்தை மலையில் மோதினார். தலைமை விமானி வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். 150 பேர் இறந்தார்கள். விமானி அறையில் எப்போதும் இருவர் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை பரிந்துரைத்தது அதற்குப் பிறகுதான்.

உங்கள் நிர்வாகத்தையும் நான் விட்டுவிடப் போவதில்லை. கீழே இருப்பவர்களுக்கு மட்டும் இரட்டை ஒப்புதல், தலைமைப் பொறியாளருக்கு எல்லாக் கதவும் தனியே திறக்கும் என்றால் அது பாதுகாப்பே ஆகாது, வெறும் அதிகாரம். பணியாளரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கேமரா பொருத்தியவர்கள், ஷிஃப்டில் ஒருவர் மனம் உடைந்து தடுமாறினால் அதைச் சக பணியாளர்கள் தங்களிடம் வந்து சொல்ல வேண்டும் என்று எந்த முகத்தோடு எதிர்பார்க்கிறார்கள்? கேமராவுக்கு முன்பே அதைக் காணக்கூடியவர்கள் நீங்கள்தான். அந்தக் கண்களைத்தான் இப்போது பகைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே விதிகளை நீக்கச் சொல்லி மனு எழுதாதீர்கள். ஒப்பந்தப் பணியாளர் உட்பட எல்லோருக்கும் தனிக் கணக்கு வேண்டும் என்றும், விலகியவரின் கணக்கு விலகிய அன்றே முடக்கப்பட வேண்டும் என்றும், தலைமைப் பொறியாளர் அளவை மாற்றினாலும் இரண்டாவது பெயர் பதிவாக வேண்டும் என்றும் எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன், இன்று ஷிஃப்டுக்குப் போனவுடன், அந்தப் பழைய கடவுச்சொல் இன்னும் திறக்கிறதா என்று உங்கள் மேற்பார்வையாளரை அருகில் வைத்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள்.