கம்பெனி வெண்டிங் மெஷினில் சத்தான தின்பண்டம் வைத்தால் விற்குமா? 'ஓடாது' என்கிறார்களே?

விற்கும். புதுச்சேரியிலும் கடலூர் சிப்காட் பக்கமுமாக ஒன்பது மெஷின்கள் வைத்து நடத்துகிறேன், ஆறு வருடமாக இதுதான் என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் கம்பெனியில் மெஷின் வைத்திருப்பவரிடம் "சிப்ஸும் க்ரீம் பிஸ்கட்டும் மட்டும்தானா, உடம்புக்கு நல்லதாக ஏதாவது வையுங்களேன்" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஓடாது சார், டேட் முடிஞ்சு எனக்குத்தான் நஷ்டம்" என்று சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முதல் மூன்று வருடம் நானும் கேட்டவர்களுக்கெல்லாம் இதே பதிலைத்தான் சொன்னேன். அதுதான் உண்மை என்று நம்பியும் இருந்தேன்.

சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்ட் நடுவில் மெஷின் நின்றுவிட்டது. வழக்கமாகப் பகலில் போய் நிரப்பிவிட்டு வந்துவிடுவேன். அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் கேன்டீன் கிடையாது, கேட்டுக்கு வெளியே டீக்கடையும் இல்லை. பசித்தால் என் மெஷின் ஒன்றுதான். சரிசெய்து முடித்ததும், ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அண்ணன் வந்து கண்ணாடி முன்னால் நின்றார். மேல் ட்ரேயிலிருந்து கீழ் ட்ரே வரை நிதானமாகப் பார்த்தார். "தம்பி, எனக்கு சுகர் இருக்கு. இதுல நான் சாப்பிடுற மாதிரி ஒண்ணுகூட இல்லியேப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மாத்திரை போட்டிருப்பதால் வெறும் வயிற்றோடு நிற்க முடியாது என்று சொல்லிவிட்டு, க்ரீம் பிஸ்கட் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.

அறுபது ஸ்லாட் உள்ள மெஷின் அது. அறுபதில் அவருக்கு ஒன்றுகூட இல்லை.

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) நாடு முழுவதும் நடத்திய நீரிழிவு ஆய்வு 2023-ல் வெளியானது. அதில் கோவா 26.4 சதவீதத்தோடு முதலிடம், 26.3 சதவீதத்தோடு அடுத்த இடம் நம் புதுச்சேரி. பெரியவர்களில் நாலு பேருக்கு ஒருவர் என்ற கணக்கைத் தாண்டுகிறது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த அண்ணன்தான். என் மெஷின் முன்னால் வந்து நிற்கிற நாலில் ஒருவரை விட்டுவிட்டுத்தான் இத்தனை நாள் வியாபாரம் செய்திருக்கிறேன் என்று புரிந்தது.

முதல் முயற்சி தோற்றது, அதையும் சொல்ல வேண்டும். மொத்த வியாபாரி ஒருவரிடம் கேட்டு, 'மல்டிகிரெய்ன்' பிஸ்கட், ஓட்ஸ் பார், சிறுதானிய குக்கீஸ் என்று வாங்கினேன். ஒவ்வொன்றும் ஐம்பது, அறுபது ரூபாய். கீழ் ட்ரேயில் மொத்தமாக அடுக்கி, பச்சை ஸ்டிக்கரில் 'ஹெல்தி' என்று எழுதி ஒட்டினேன். ஒன்றரை மாதத்தில் பாதிக்கு மேல் தூக்கிப்போட்டேன். பிறகு அதே பாக்கெட்டுகளைத் திருப்பிப் பின்பக்கம் படித்துப் பார்த்தேன். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போட வேண்டும் என்பது சட்டம். சிறுதானியம் என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருந்த குக்கீஸில் முதலில் இருந்தது மைதா, அப்புறம் சர்க்கரை, அதன்பின் பாமாயில். கம்பும் கேழ்வரகும் வால் மாதிரி கடைசியில். அது விற்காமல் போனதில் இப்போது எனக்கு வருத்தமே இல்லை.

நம்ம ஊர் ஆட்கள் நல்ல தின்பண்டம் தின்னாதவர்களா? சாயங்காலம் கடலூர் சில்வர் பீச்சில் போய் நின்று பாருங்கள். சுண்டல், வேகவைத்த வேர்க்கடலை, சோளம் என்று பொட்டலம் பொட்டலமாகப் போகும். பேருந்து நிலையத்தில் வறுகடலைக்காரரைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். அதே ஆள்தான் ஷிஃப்ட்டில் என் மெஷின் முன்னாலும் நிற்கிறார். அவருக்குப் பழகிய சாமானை விட்டுவிட்டு, பெயர் சொல்லத் தெரியாத பாரை அறுபது ரூபாய்க்கு வைத்தால் எப்படி வாங்குவார்?

அதனால் இரண்டாவது முறை பெரிய மார்க்கெட்டில் ஆரம்பித்தேன். வறுத்த வேர்க்கடலை, உப்புக்கடலை, பொட்டுக்கடலை, மசாலாப் பொரி, எள்ளுருண்டை, சின்னப் பாக்கெட்டில் பண்ருட்டி முந்திரி. பாகூர் பக்கம் ஒரு மகளிர் குழு கடலை வறுத்து பாக்கெட் போட்டுக் கொடுக்கிறார்கள். பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண், தயாரித்த தேதி, சேர்மானம் எல்லாம் அச்சாகி இருந்தால்தான் எடுப்பேன். யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் என்னைத்தானே கேட்பார்கள்.

ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். 30 கிராம் வறுத்த வேர்க்கடலையில் ஏறக்குறைய 170 கலோரி இருக்கிறது, 30 கிராம் சிப்ஸிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கடலை தின்றால் எடை குறையும் என்று யாரிடமும் நான் சொல்வதில்லை. வித்தியாசம் புரதத்தில் இருக்கிறது. கடலையில் ஏழு கிராம் வரும், சிப்ஸில் இரண்டு வந்தால் அதிகம். கடலை தின்றவர் அடுத்த சாப்பாடு வரை தாங்குகிறார், சிப்ஸ் தின்றவர் அரை மணியில் இன்னொரு பாக்கெட்டுக்கு வருகிறார். எள்ளுருண்டையும் கடலைமிட்டாயும் சுகர் உள்ளவருக்கு ஆகாது, வெல்லமும் சர்க்கரைதான். அதனால் அவற்றை 'சுகர் உள்ளவர்களுக்கு' என்று நான் எழுதி ஒட்டுவதில்லை. உப்பு விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு: பாக்கெட்டில் போட்டிருக்கும் சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரஷர் உள்ளவர்களுக்காக ஒரு ஸ்லாட் உப்பில்லாத கடலை வைத்திருக்கிறேன். குறைவாகத்தான் போகும், ஆனாலும் அதை மெஷினிலிருந்து எடுத்துவிடவில்லை.

அடுத்தது, 'ஓடாது' என்று சொல்பவர்கள் பலரும் உண்மையில் எதில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது. மெஷினுக்குள் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் ஒரு கம்பிச்சுருள் இருக்கும், நாங்கள் ஸ்பைரல் என்போம். நீங்கள் எண்ணை அழுத்தியதும் மோட்டார் அதை ஒரு முழுச் சுற்று சுற்றும், முன்னால் இருக்கும் பாக்கெட் நகர்ந்து கீழே விழும். காற்று அடைத்து உப்பிய சிப்ஸ் பாக்கெட்டுக்கென்றே செய்தது மாதிரி இருக்கும் அது. 25 கிராம் கடலைப் பாக்கெட்டோ சின்னது, தட்டையானது, கனமானது. அகலமான சுருளில் வைத்தால் சாய்ந்து படுத்துக்கொள்ளும். சுருள் சுற்றும், பாக்கெட் வராது. பணம் திரும்பி வர நேரமானால் வாங்கியவருக்கு எரிச்சல். இரண்டு தடவை அப்படி ஆனவர் மூன்றாவது தடவை அந்த எண்ணைத் தொடவே மாட்டார். மெஷின்காரர் மாதக் கடைசியில் கணக்கைப் பார்த்துவிட்டு, 'கடலை ஓடவில்லை' என்று எழுதிக்கொள்வார். ஓடாதது கடலை இல்லை, ஸ்பைரல்தான்.

நான் நெருக்கமான சுற்றுள்ள ஸ்பைரலை மாற்றிப் போட்டேன். மகளிர் குழுவிடம் பேசி, பாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு கெட்டி அட்டை வைத்து நிமிர்ந்து நிற்கிற மாதிரி செய்துகொண்டேன். அதன் பிறகு சிக்குவது ரொம்பக் குறைந்துவிட்டது. எங்கள் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு, கடல் காற்று. பொரியும் பொட்டுக்கடலையும் சாதாரண பிளாஸ்டிக் கவரில் இருந்தால் சீக்கிரமே நமுத்துப் போகும். வேர்க்கடலை வெயிலில் சூடேறினால் சிக்கு வாடை அடிக்கும். அதனால் உள்பக்கம் அலுமினியப் பூச்சு உள்ள கவரில்தான் வாங்குகிறேன். மூன்று மாதம் தாங்கும் என்று கவரில் போட்டிருந்தாலும், ஆறு வாரத்துக்கு மேல் மெஷினில் விடுவதில்லை. பழம் வைக்கலாமே என்று நிறையப் பேர் கேட்பார்கள். வாழைப்பழம் வைத்துப் பார்த்தேன். அந்த உயரத்திலிருந்து விழுந்தால் கன்றிப்போகிறது. பொருளைத் தாங்கி மெதுவாகக் கீழே இறக்கும் லிஃப்ட் வைத்த மெஷின் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

விலைக்கு வருகிறேன். அமெரிக்காவின் மினசோட்டாவில் 12 பள்ளிகளிலும் 12 வேலையிடங்களிலும் இருந்த 55 மெஷின்களில் ஓர் ஆய்வு செய்து, 2001-ல் வெளியிட்டார்கள். கொழுப்பு குறைந்த தின்பண்டத்தின் விலையை மட்டும் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். 10 சதவீதம் குறைத்தபோது அதன் விற்பனை 9 சதவீதம் கூடியது. 25 சதவீதம் குறைத்தபோது 39, பாதி விலைக்குக் கொடுத்தபோது 93. மெஷினுக்குக் கிடைத்த சராசரி லாபம் குறையவில்லை என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஸ்டிக்கர், அறிவிப்பு இவற்றால் கிடைத்த பலன் அதோடு பார்த்தால் சொற்பம். நான் ஒட்டிய பச்சை ஸ்டிக்கர் ஏன் உதவவில்லை என்பதற்கு அதிலேயே விடை இருந்தது. எம்ஆர்பிக்கு மேல் விற்கக் கூடாது என்பதால் சிப்ஸ் விலையை ஏற்ற வழியில்லை. ஆனால் கடலையை இறக்கலாம். 25 கிராம் பத்து ரூபாய் என்று வைத்தேன். உதிரியாக வாங்கி பாக்கெட் போடும் பொருள் என்பதால், பத்து ரூபாயிலும் எனக்குச் சிப்ஸில் நிற்பதைவிடக் கொஞ்சம் கூடவே நிற்கிறது.

இடமும் முக்கியம். மெஷின் முன்னால் வருபவர் பசியோடும் அவசரத்தோடும் வருகிறார், குனிந்து தேட மாட்டார். கண் உயரத்தில் இருக்கும் இரண்டாவது, மூன்றாவது ட்ரேதான் முதலில் காலியாகும். கடலை வகைகளை அங்கே ஏற்றி, க்ரீம் பிஸ்கட்டைக் கீழே இறக்கினேன். சிப்ஸை எடுத்துவிடவில்லை. எடுத்தால் 'எங்களுக்கு யார் புத்தி சொல்வது' என்று கோபம்தான் வரும், அதுவும் நியாயம்தான். வேண்டும் என்பவர் குனிந்து எடுத்துக்கொள்ளட்டும்.

குளிர்பானம் தனிக் கதை. 100 மில்லி கோலாவில் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை. 250 மில்லி குடித்தால் 26 கிராம், ஐந்து டீஸ்பூனுக்கு மேல். சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25-க்குள் இருப்பது நல்லது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரே பாட்டிலில் அந்த 25 கிராம் முடிந்துவிடுகிறது. குளிரூட்டும் வசதியுள்ள மெஷின்களில் தண்ணீரையும் மோரையும் முன்னுக்குக் கொண்டுவந்தேன். கடலூர்ப் பக்க மெஷின்களுக்கு ஆவின் மோர் எடுக்கிறேன். சித்திரை, வைகாசியில் மோர் போகிற வேகத்துக்கு வாரம் மூன்று தடவை நிரப்ப வேண்டியிருக்கும். மோர் நிரப்பப் போகாத நாளில் வெறும் ஸ்லாட்டைப் பார்த்துவிட்டு கோலாவுக்குப் போய்விடுவார்கள். நல்லதை வைத்தால் மட்டும் போதாது, தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தத் தொழிலில் எனக்கு அதிகம் அலைச்சல் தருவது இதுதான்.

பள்ளி என்றால் பேச்சே வேறு. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. பிரான்ஸில் 2005 செப்டம்பரிலிருந்து பள்ளிகளில் இந்த மெஷினுக்கே இடமில்லை. பள்ளிகளில் வைக்கச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறார்கள், நான் போகவில்லை. பிள்ளைகளுக்குக் காசைப் போட்டுத் தானே எடுத்துத் தின்னும் பழக்கத்தை என் கையால் ஆரம்பித்து வைக்க மனசு வரவில்லை.

உங்கள் கம்பெனிக்கு என் யோசனை: முழு மெஷினையும் மாற்றச் சொல்லாதீர்கள், அவர் பயந்துவிடுவார். கண் உயரத்தில் ஒரே ஒரு ட்ரே, இரண்டு மாதத்துக்குக் கேளுங்கள். டேட் முடிந்து வீணாகும் பாக்கெட்டில் பாதியைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும் என்று ஹெச்ஆர் எழுதிக் கொடுத்தால், பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். மெஷினில் விற்கும் ஒவ்வொன்றுக்கும் கம்பெனி கமிஷன் வாங்குவதாக இருந்தால், அந்த ஒரு ட்ரேக்கு மட்டும் வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பணம் அப்படியே விலையில் குறையும். எந்த ஸ்லாட்டில் எவ்வளவு விற்றது என்று மெஷினின் விற்பனைக் கணக்கில் தெரிந்துவிடும், வாராவாரம் அவரோடு உட்கார்ந்து பாருங்கள்.

அந்த ராத்திரி ஷிஃப்ட் அண்ணன் இப்போது உப்புக்கடலையும் மோரும் எடுக்கிறார். போன மாதம் பார்த்தபோது, "பொட்டுக்கடலைல கொஞ்சம் மிளகு போட்டுத் தரச் சொல்லேன்பா" என்றார். பாகூரில் சொல்லியிருக்கிறேன், அடுத்த லாட்டில் வரும். உங்கள் மெஷினில் ட்ரேயின் உயரமும், ஒரு ஸ்பைரலில் எத்தனை சுற்று இருக்கிறது என்பதும் தெரிந்தால் கமெண்ட்டில் போடுங்கள். எந்த அளவுப் பாக்கெட் சிக்காமல் விழும் என்று பார்த்துச் சொல்கிறேன்.