குதிக்கச் சொன்னால் ஏன் வருவதில்லை?

கேள்வி: மூதூருக்கு அப்பால் ஒரு கடலோரக் கிராமத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். இடம்பெயர்ந்து திரும்பி வந்த ஊர். கணவரை இழந்தவர்களும் கடன் வசூலிக்க ஆள் வந்தால் கதவைச் சாத்துபவர்களும் இங்கே பலர். மனம் தேறட்டும் என்று பின்னேரத்தில் உடற்பயிற்சி தொடங்கினோம். ஒரு நிறுவனம் பயிற்றுநரையும் சப்பாத்துகளையும் தந்தது. முதல் நாள் 22 பேர் வந்தார்கள். இப்போது 6 பேர்தான். கேட்டால் "வேலை இருக்கிறது" என்கிறார்கள். எங்கே பிழை விட்டோம், அக்கா?

பதில்: தங்கச்சி, வேலை இருக்கிறது என்பது உங்கள் மனம் நோகாமல் இருக்கச் சொன்ன பதில். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற கையோடு, உப்புவெளியில் ஒரு முன்பள்ளி வளவில் இப்படி ஒரு குழுவைத் தொடங்கினேன். மூன்றாம் கிழமை பாதிப்பேரைக் காணவில்லை. சோம்பல் என்று முடிவுகட்டி வீடு வீடாகப் போய்ப் புத்தி சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் நான்கு பிள்ளை பெற்ற ஓர் அம்மா, கிணற்றுக்கட்டில் வாளியை வைத்துவிட்டு, என் முகத்தைப் பாராமல் சொன்னார்: "டீச்சர், குதித்தால் சீலை நனைகிறது."

பிரசவத்தில் தளர்ந்த அடி இடுப்புத் தசைகள் குதிக்கும்போதும் தும்மும்போதும் சிறுநீரைத் தாங்குவதில்லை. இது எத்தனையோ தாய்மாருக்கு இருக்கிறது. ஒருவரும் வாய் திறப்பதில்லை. நானோ பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல "உயர, இன்னும் உயர!" என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றோடு குதிப்பதை விட்டோம். நின்ற இடத்தில் கால் தூக்கி நடந்தோம். சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசைகளை உள்ளிழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து, தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு எட்டுப் பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை. பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம். இதை வட்டமாக உட்கார்ந்து செய்தபோது வந்த சிரிப்பை, குதித்த நாட்களில் நான் கேட்டதே இல்லை. அப்படியும் குறையாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லலாம்.

இன்னொரு பிழை என் விசில். ஊதும் ஒவ்வொரு முறையும் ஒருவர் திடுக்கிட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம். விசிலை அலுமாரியில் வைத்துவிட்டு வாயால் எண்ணினேன். கண்ணை மூடிப் படுக்கச் சொல்வதும் இப்படித்தான். சிலருக்குக் கண்ணை மூடினால்தான் பயம் தொடங்கும். வாசல் தெரியும்படி நிற்கட்டும். உங்கள் பயிற்றுநர் கையைப் பிடித்துத் திருத்துமுன் "தொடலாமா?" என்று கேட்கட்டும்.

நிறுவனம் படம் கேட்கும். கொடுக்காதீர்கள். பதாகைக்குக் கீழே "பயனாளி" என்று நிற்பதற்கு யாருக்குத்தான் ஆசை? சப்பாத்தும் வேண்டாம், மணலில் வெறுங்கால் போதும்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மட்டி பொறுக்கி, விறகு சுமந்து, தண்ணீர் தூக்கும் பெண்கள் அதை எப்போதோ தாண்டிவிட்டார்கள். வேலையாக இல்லாமல் ஓடுவதற்கு ஒரு மணிநேரமும் கூட ஓட ஆளும்தான் அவர்களுக்கு இல்லை. எங்கள் குழுவுக்கு அதைக் கொடுத்தது, கோட்டில் நின்று மறிப்பவர்களை ஏமாற்றித் தாண்டி ஓடும் கிளித்தட்டு விளையாட்டு. சாம்பலால் கோடு போட்டோம். ஐம்பது வயதுக்காரி ஒருவர் சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மறிக்கும் பக்கத்தின் தலைவியான கிளியை ஏமாற்றிக் கோடு தாண்டியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஓட முடியாதவர்கள் கோட்டில் நின்று மறிக்கலாம். ஓர் ஆள் குறைந்தால் பக்கம் சரிவராது என்பதால், வராதவரைத் தேடி மற்றவர்களே போனார்கள். எனக்கு அந்த வேலை மிச்சம்.

கச்சான் என்னும் வெப்பமான தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ஐந்து மணிக்கு முன் தொடங்காதீர்கள். முஸ்லிம் சகோதரிகளும் வருவதானால் மஃரிப் தொழுகைக்கு முன் முடித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமையில் வைக்காதீர்கள், கோயிலோடு போட்டி போட முடியாது.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். மூச்சுப்பயிற்சி செய்தால் எனக்குப் பொறுமை வருமா? (நிலாவெளி வாசகி)

பதில்: உங்களிடம் பொறுமை ஏற்கெனவே அளவுக்கு மேல் இருக்கிறது, பிள்ளை. 1938 என்பது இலங்கையில் பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம். அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் அழையுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது 12 மாதம் வரை செல்லும். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். தனியே போகத் தயக்கமாக இருந்தால் நம்பிக்கையான ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் இன்றைக்கே ஒரு பையில் போட்டு அவளிடம் கொடுத்து வையுங்கள்.