வெயிட்லிஸ்ட் இருக்கட்டும், அண்ணன் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். மகளை ஒரு பெரிய தனியார் கல்லூரி வெயிட்லிஸ்ட்டில், அதாவது காத்திருப்போர் பட்டியலில், வைத்திருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகம், ஓராண்டு வேறெங்காவது படித்துவிட்டு வரலாம் என்று டிரான்ஸ்பர் ஆப்ஷன் தந்திருக்கிறது. எங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் இடம் உறுதி. கல்லூரிச் செலவுக்கென்று சேர்க்கும் 529 கணக்கில் 60,000 டாலர் இருக்கிறது. கோவையில் அண்ணன் கட்டும் வீட்டுக்காக எங்கள் வீட்டை ஈடாக வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடனில் 70,000 டாலர் பாக்கி. வட்டி மட்டும் கட்டுகிறோம். மைத்துனர் ஐ.யு.எல். என்ற ஆயுள் காப்பீட்டுப் பாலிசி போடச் சொல்கிறார். எதை நம்பிக் காத்திருப்பது?

பதில்: எதை நம்பியும் காத்திருக்க வேண்டாம். மே 1-க்குள் ரட்கர்ஸுக்கு டெபாசிட் கட்டிவிடுங்கள். வெயிட்லிஸ்ட்டில் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், செலவில்லை. ஆனால் அங்கிருந்து கடைசி நேரத்தில் அழைப்பு வந்தால், உதவித்தொகை எவ்வளவு என்று எழுத்தில் வராமல் தலையாட்டாதீர்கள்.

டிரான்ஸ்பர் கணக்கைப் பார்ப்போம். வீட்டிலிருந்தே ரட்கர்ஸ் போனால் முதல் வருடம் தோராயமாக 20,000. 529-இல் மிச்சம் 40,000. கார்னெலில் எல்லாச் செலவும் சேர்த்து ஆண்டுக்கு 90,000 என்று வைத்தால் மூன்று வருடத்துக்கு 2,70,000. கார்னெல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களில் மதிப்பெண்ணுக்கு உதவித்தொகை கிடையாது, குடும்ப நிலையைப் பார்த்துத்தான் தருவார்கள். உதவித்தொகையாகப் பாதியைத் தள்ளி, 529-இன் 40,000-ஐயும் கழித்தாலும் 95,000 துண்டு விழும், அதாவது வருடத்துக்கு ஏறக்குறைய 32,000.

பெற்றோருக்கு அரசு தரும் பேரன்ட் பிளஸ் கடன் இருக்கிறதே என்பீர்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000-தான், மொத்தம் 65,000. அதிலும் 4 சதவீதத்துக்கு மேல் கட்டணம் பிடித்துக்கொண்டு 19,150 போலத்தான் தருவார்கள். வட்டி 9 சதவீதத்தை ஒட்டி.

இந்தக் கடன் நிற்க வேண்டிய இடத்தில்தான் அண்ணன் வீடு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. 70,000-க்கு 8 சதவீதம் என்றால் வருடம் 5,600, மாதம் 467 டாலர். இத்தனை கட்டியும் அசல் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. தளம் போட, டைல்ஸ் போட என்று ஒவ்வொரு போனுக்கும் நீங்கள் எடுத்து அனுப்புவீர்கள். பத்து வருடமோ என்னவோ கழித்து, வீட்டுக் கடனில் பணம் எடுக்கும் காலம் முடிந்து தவணையில் அசலும் சேரும்போது, மகளின் கடன் தவணையும் அதே சம்பளத்தில் வந்து நிற்கும்.

அண்ணனிடம் இனி முடியாது என்று சொல்லுங்கள். வாய் வராவிட்டால் வங்கியிடம் சொல்லி அந்தக் கடனில் மேற்கொண்டு எடுக்க முடியாதபடி நிறுத்திவிடுங்கள், அப்புறம் பேசுவது சுலபம். பாக்கியில் அவர் பங்கு எவ்வளவு, எப்போது திருப்புவார் என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

மைத்துனரின் பாலிசி? கல்லூரி இந்த ஆகஸ்டில். அந்தப் பாலிசியை முதல் பத்து வருடத்துக்குள் உடைத்தால் பெரும்பாலும் சரண்டர் கட்டணம் பிடிப்பார்கள். அவருக்குக் கமிஷன் உண்டு, உங்களுக்கு என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

கார்னெல் கேட்கும் பாடங்களை ரட்கர்ஸில் முதல் பருவத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த வசந்தத்தில் உதவித்தொகைக் கடிதம் வந்ததும் அந்த 32,000 எவ்வளவாக மாறுகிறது என்று பார்த்து, போவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.