அனுபவசாலி விலகினால் அவருடைய அறிவும் போய்விடுகிறதே, மென்பொருள் வாங்கினால் சரியாகுமா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். பழைய ஆட்கள் விலகும்போது அவர்களுக்குத் தெரிந்ததை நிறுவனத்துக்குள் எப்படி நிறுத்தி வைப்பது, அதற்கு அறிவு முகாமைத்துவ மென்பொருள் ஒன்று வாங்கலாமா என்பது. இரண்டாவதற்குப் பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலாவதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும்.

நான் திருகோணமலையில் கடற்கரை விடுதி ஒன்றின் நிர்வாகப் பகுதியில் இருக்கிறேன். உங்களுக்கு எப்போதாவது வருகிற இந்தத் தலையிடி எங்களுக்கு வருஷா வருஷம் வரும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசன் சித்திரை வைகாசியில் தொடங்கிப் புரட்டாசியோடு முடிந்துவிடும். இங்கே வாடை எழும்பிக் கடல் கொந்தளிக்கிற நேரத்தில்தான் தெற்கிலும் மேற்கிலும் சீசன் தொடங்கும். சமையல்காரர், அறை துப்புரவு செய்பவர், பாரில் நிற்பவர் என்று பாதிப்பேர் ஹிக்கடுவை, பெந்தோட்டை என்று பையைத் தூக்கிவிடுவார்கள். சிலர் அங்கிருந்தே கட்டார், டுபாய். அடுத்த சித்திரைக்கு யார் திரும்பி வருவார் என்று அவர்களுக்கே தெரியாது.

அரச அலுவலகங்களும் 2022 இல் இதை நன்றாகவே அனுபவித்தன. ஓய்வு வயதை அந்த வருஷத் தொடக்கத்தில் 65 ஆக்கி, அதே வருஷத்துக்குள் மறுபடி 60 ஆக்கியதால், 60 தாண்டியிருந்தவர்களில் பெரும்பாலானோர் டிசம்பர் 31 ஆம் திகதியோடு மொத்தமாக வீட்டுக்குப் போனார்கள். இதற்கிடையில் வெளிநாடு போய் உழைக்க ஐந்து வருஷம் வரை சம்பளமற்ற லீவும் கொடுத்தார்கள். கோவைகளெல்லாம் அலுமாரியில் பத்திரமாகத்தான் இருந்தன. எந்தக் கோவையில் எதற்காக அந்தக் குறிப்பு எழுதப்பட்டது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

சரி, எங்கள் கிணற்றுக் கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கம் மணல் தரை. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புநீருக்கு மேலே நல்ல தண்ணீராக நிற்கும். மோட்டரைப் போட்டு ஒரேயடியாக இழுத்தால் மேலே இருக்கிற நல்ல தண்ணீர் குறைந்து, அடியிலிருந்து உப்பு எழும்பிவிடும். எழும்பினால் திரும்ப இறங்க நாளெடுக்கும். பராமரிப்பு வேலைக்கு எங்களிடம் ஓர் அண்ணை இருந்தார். கச்சான் காற்று அடிக்கிற ஆடி ஆவணியில் மோட்டரைக் கொஞ்ச நேரம் போடுவார், நிறுத்துவார். குழாயடியில் உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து, வாயில் வைத்துத் துப்புவார். "கிணறு களைச்சுப்போச்சு தம்பி, கொஞ்சம் ஆற விடு" என்பார். அன்றைக்கு எத்தனை அறை நிறைந்திருக்கிறது என்பதை வரவேற்பு மேசையில் தினமும் முதலில் வந்து கேட்கிற ஆளும் அவர்தான். என்னத்துக்கு இவருக்கு அந்தக் கணக்கு என்று அங்கே இருந்தவர்கள் யோசிக்கவே இல்லை.

அவர் விலகும்போது கையளிப்பு ஒழுங்காகத்தான் நடந்தது. சாவிக்கொத்து, கருவிப் பெட்டி, களஞ்சியப் பதிவேடு எல்லாவற்றுக்கும் ஒப்பம் இருந்தது. கடமைப் பட்டியலில் கிணற்றைப் பற்றி இருந்தது ஒரே வரி: நீர் மோட்டரை இயக்குதலும் தாங்கியை நிரப்புதலும். அடுத்து வந்த பொடியன் கெட்டிக்காரன், மின்சார வேலை படித்தவன். தாங்கிக்குள் மிதவை சுவிட்ச் பூட்டி, தண்ணீர் குறைந்தால் மோட்டர் தானாக ஓடும்படி செய்துவிட்டான். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினோம். விடுதி நிரம்பியிருந்த நேரம் அது. சில நாளில் தேநீர் கரிக்கிறது, சவர்க்காரம் நுரைக்கவில்லை என்று விருந்தினர் சொல்லத் தொடங்கினார்கள். பவுசரில் தண்ணீர் வாங்கித்தான் அந்த மாதத்தை ஓட்டினோம். அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தபோது அவர் சிரித்தார். "நீங்கள் ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லையே!"

கேட்டிருந்தாலும் அவரால் எவ்வளவு சொல்லியிருக்க முடியும் என்பது வேறு கதை. மனிதருக்கு வாயால் சொல்ல முடிவதைவிடக் கூடுதலாகத் தெரியும் என்று மைக்கேல் பொலானி என்ற தத்துவவியலாளர் 1966 இலேயே எழுதிவிட்டார். அண்ணையின் நாக்கில் இருந்த அளவை எழுதச் சொன்னால் எந்தப் படிவத்தில் எழுதுவார்? ஆனால் எழுத முடியாது என்று முழுதாகக் கைவிடவும் தேவையில்லை. இப்போது தண்ணீரில் உப்புக் கூடினால் ஏறுகிற மின்கடத்துதிறனைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வைத்திருக்கிறோம். நாக்குச் செய்த வேலையில் ஒரு பங்கை அது செய்கிறது. காற்றையும் அறைக் கணக்கையும் சேர்த்துப் பார்த்து மோட்டரை எப்போது நிறுத்துவது என்பதைப் பக்கத்தில் நின்றுதான் பழகவேண்டியிருக்கிறது.

அறிவு முகாமைத்துவத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது ஜெரொக்ஸ் நிறுவனம். ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் அங்கே போட்டோகொப்பி இயந்திரம் திருத்துபவர்களோடு கூடவே திரிந்து பார்த்தார். நிறுவனம் கொடுத்த கைநூலில் பிழை இலக்கமும் அதற்கான தீர்வும் இருந்தன. கைநூலுக்கு அடங்காத பிழைகளை அவர்கள் திருத்தியது சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கொருவர் சொன்ன கதைகளை வைத்து. பிறகு அந்தக் குறிப்புகளைச் சேர்க்க யுரேக்கா என்று ஒரு தரவுத்தளம் வந்தது. திருத்துபவர் ஒருவர் எழுதுவார், அதே வேலை செய்கிற மற்றவர்கள் சரிபார்ப்பார்கள், பிறகு எழுதியவர் பெயரோடே அது வெளிவரும். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தரவுத்தளத்தைத்தான் மெச்சுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் பெயர். தன் சொல்லுக்குச் சக தொழிலாளரிடம் மதிப்பு இருக்கிறது என்று தெரிந்தால்தான் மனிதன் வாயைத் திறப்பான்.

மதிப்பு மட்டும் போதாது, வயிற்றுப்பாடும் இருக்கிறது. எங்கள் சமையலறையில் மீன் வாங்குவதில் பெரிய கெட்டிக்காரர் ஒருவர் இருக்கிறார். எந்த வள்ளம் எப்போது கரைக்கு வரும், எந்த முதலாளி ஐஸில் நாள்பட்ட மீனைப் புது மீனோடு கலப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. இதை இளையவருக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டபோது தலையாட்டினார், சொல்லவில்லை. பிறகு தனியாக இருக்கும்போது என்னிடம் சொன்னார்: "எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தா அடுத்த சீசனுக்கு என்னை ஏன் சேர் கூப்பிடப் போறியள்?" நியாயமான கேள்வி. அறிவைப் பகிரும் கலாசாரம் பற்றிக் கொழும்பில் இருந்து வந்து வகுப்பு எடுக்கிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை. சீசனுக்குச் சீசன் கூலி வாங்குகிற ஆளிடம் அவருக்கு இருக்கிற ஒரே மூலதனத்தை இனாமாகக் கேட்கிறோம், அவர் தயங்கினால் ஒத்துழைப்பு இல்லை என்று எழுதுகிறோம்.

நாங்கள் செய்த மாற்றங்களில் உண்மையாகப் பலன் தந்தது இதுதான்: புரட்டாசியில் போகும்போதே, அடுத்த சீசனுக்கும் வேலை உண்டு என்று முக்கியமானவர்களுக்குக் கடிதம் கொடுத்துவிடுகிறோம். விருந்தினர் கட்டுகிற சேர்விஸ் சார்ஜை ஊழியர்களுக்குப் புள்ளிக் கணக்கில் பிரிக்கும்போது, பழக்கிவிடுகிறவருக்கு ஒரு புள்ளி கூட்டினோம். அதற்குப் பிறகு அந்த மீன் வாங்குகிறவர் இளையவனை விடியற்காலையில் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறார்.

எழுதி வைப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். தலைமை அலுவலகம் அனுப்புகிற படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். வேலை நடப்பது தமிழிலும் சிங்களத்திலும். அதை நிரப்பச் சொன்னால் ஒப்பத்துக்காக எதையாவது நிரப்புவார்கள். ஆகவே ஒரு பழுது திருத்தி முடிந்தவுடன் திருத்தியவர் தன் பேச்சிலேயே வட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுகிறார், கூட ஒரு படம். வட்ஸ்அப்போடு விட்டால் பயனில்லை. நாலு நாளில் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துவிடும், ஆள் கட்டாருக்குப் போனால் பதிவும் அவர் தொலைபேசியோடு போய்விடும். அதனால் பதிவுகள் விடுதியின் தொலைபேசிக்கு வரவேண்டும் என்று வைத்திருக்கிறோம். பராமரிப்பு மேற்பார்வையாளர் கிழமைக்கு ஒருதரம் தேவையானதை மட்டும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுவார். இயந்திரத்தின் பெயர், என்ன பழுது, யார் திருத்தியது, வேறு யாரைக் கேட்கலாம், அவ்வளவுதான். அந்தக் கொப்பி மோட்டர் அறையிலேயே ஆணியில் தொங்குகிறது.

உங்கள் நிறுவனம் தர முகாமைத்துவத்துக்கான ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் வைத்திருந்தால் 2015 பதிப்பின் 7.1.6 பிரிவைப் பாருங்கள். நிறுவன அறிவைப் பேணவேண்டும் என்று அங்கேயே இருக்கிறது. முகாமையாளரிடம் காசும் நேரமும் கேட்க அது உதவும். அறிவு முகாமைத்துவத்துக்கென்றே ஐஎஸ்ஓ 30401 என்ற தரநிலை 2018 இல் வந்தது, சின்ன நிறுவனத்துக்கு அது அவசியமில்லை.

மென்பொருளைப் பொறுத்தவரை, முதலில் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற பகிர்ந்த கோப்புறையைத் திறந்து, போன வருஷம் வந்த ஒரு சிக்கலின் தீர்வைத் தேடிப் பாருங்கள். அதில் எதுவும் இல்லையென்றால் புது மென்பொருளிலும் எதுவும் இருக்கப்போவதில்லை. இருந்தும் தேடி எடுக்க முடியவில்லை என்றால், அப்போது வாங்கலாம். வாங்கினால் அதற்குப் பொறுப்பை மனிதவளப் பகுதியிடம் கொடுக்காமல், அந்த வேலையை நாளாந்தம் செய்கிற மேற்பார்வையாளர் ஒருவரிடம் கொடுங்கள். அதற்கான நேரத்தை அவருடைய கடமைப் பட்டியலிலேயே எழுதிவிடுங்கள்.